பெயர் எழுதாத வரைபடம்

கத்தாம்புகோ பள்ளியின் எட்டாம் வகுப்பில் வரைபடத்துக்கு முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளையை யாரும் பார்த்ததில்லை. புள்ளிகளைச் சரியாக வைத்திருப்பார்கள், கோட்டைப் பிசிறில்லாமல் இழுத்திருப்பார்கள். ஆனாலும் யாமிலே டீச்சர் அரை மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு, ஓரத்தில் பச்சை மையில் ஒரு கேள்வி எழுதியிருப்பாள். 'எதனுடைய வரைபடம் இது?' என்று ஒருத்தனுக்கு. 'கிலோவா, மூட்டையா?' என்று இன்னொருத்திக்கு. 'ஒரு கட்டம் எவ்வளவு என்று நான் ஜோசியம் பார்க்க வேண்டுமா?' என்று வேறொருவனுக்கு. பிள்ளைகள் அவளுக்கு 'அரை மார்க்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அது அவளுக்கும் தெரியும்.

ஒருமுறை ஒரு பெண் எழுந்து நின்று வாதாடினாள். "கணக்கைக் குடுத்ததே நீங்கதான் டீச்சர். இது மழையோட வரைபடம்னு உங்களுக்குத் தெரியாதா என்ன?"

"எனக்குத் தெரியும்," என்றாள் யாமிலே. "இந்தத் தாள் காத்துல பறந்து ரோட்டுல போய் விழுது. குனிஞ்சு எடுக்கிறவருக்கு நானா போய்ச் சொல்லுவேன்?"

அப்பேர்ப்பட்டவள், தன் வாழ்நாளிலேயே மிகக் கவனமாக வரைந்த ஒரு வரைபடத்தில் ஓர் எழுத்துகூட எழுதாமல் விட்டாள்.

அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. செகுந்தோவைக் கட்டிக்கொண்டு பதினோரு வருடம் ஆகியிருந்தது. செகுந்தோ லாரி ஓட்டுகிறவன். மலைமேல் இருக்கும் பாஸ்தோ நகரத்தின் குளிரிலிருந்து வடக்கே கரும்பு விளையும் சமவெளிக்கு உருளைக்கிழங்கு ஏற்றிப் போவான், திரும்பும்போது சர்க்கரை மூட்டை ஏற்றி வருவான். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம்.

இரண்டு முறை அவள் வயிற்றில் கரு தங்கியது, நிலைக்கவில்லை. முதலாவது எட்டு வாரத்தோடு போனது. இரண்டாவது ஐந்தாம் மாதம்வரை வந்தது. ஆண் என்று தெரிந்த அன்றே செகுந்தோ பெயிண்டரைக் கூப்பிட்டு லாரியின் நெற்றியில் 'எமிலியானோ' என்று மஞ்சளில் எழுதச் சொல்லிவிட்டான். ஒரு மாதம் கழித்து அதே பெயிண்டரைக் கூப்பிட்டு அதன் மேல் நீலம் அடிக்கச் சொன்னான். சாய்வெயில் படும்போது நீலத்துக்கு அடியில் அந்த எழுத்துகள் மேடாகத் தெரியும்.

அதற்குப் பிறகு அவர்கள் வீட்டில் யாரும் ஒரு பெயரைப் பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை. மூன்றாவது முறை தங்கியபோது தொட்டில் வாங்கவில்லை, துணி பின்னவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டால், "பார்க்கலாம்" என்பாள் யாமிலே. செகுந்தோ அதுவும் சொல்ல மாட்டான், தொப்பியைச் சரிசெய்துகொண்டு நகர்ந்துவிடுவான்.

பிப்ரவரியில், இருபத்தொன்பதாவது வாரத்தில், கரும்பலகை முன் நின்றுகொண்டிருந்தபோதே அவளுக்கு வலி கண்டது. அன்று சாயங்காலம் பாஸ்தோ ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தாள். ஆயிரத்து எண்பது கிராம். செகுந்தோ இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினால் அதில் இடம் மிஞ்சும். ஆனால் அவன் ஏந்தவில்லை. கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, "என் கை சொரசொரன்னு இருக்கு" என்று மட்டும் சொன்னான். பெட்டியில் ஒட்டியிருந்த அட்டையில் 'யாமிலே பொத்தினாவின் மகள்' என்று எழுதியிருந்தது. பெயர் வைக்கும்வரை எல்லாக் குழந்தைகளுக்கும் அப்படித்தான் எழுதுவார்கள். ஒரு வாரத்தில் மற்ற பெட்டிகளின் அட்டைகள் மாறின. இது மாறவில்லை.

அந்த வார்டின் மூத்த நர்ஸ் ஓமைரா. கனத்த உடம்பு, சத்தமில்லாத நடை. தினமும் காலை ஆறு மணிக்கு அவள்தான் குழந்தைகளை எடை போடுவாள். எடை போட்ட கையோடு, "இன்னிக்கு ஆயிரத்து நூத்தி நாப்பது, யாமிலே" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போவாள். பத்தாம் நாளிலிருந்து கங்காரு நேரம் தொடங்கியது. பிள்ளையை வெறும் தோலோடு தோலாக நெஞ்சில் வைத்து, மேலே துணியைச் சுற்றிக் கட்டிவிடுவார்கள். மணிக்கணக்கில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அசையக் கூடாது என்றில்லை, ஆனால் அசைய மனம் வராது.

அந்த நாற்காலியில்தான் யாமிலே நோட்டைத் திறந்தாள். கட்டம் போட்ட பள்ளி நோட்டு. பக்கத்தின் கீழே ஒரு கோடு, இடப்பக்கம் ஒரு கோடு. ஒரு கட்டத்துக்கு ஒரு நாள், ஒரு கட்டத்துக்கு இருபது கிராம். முதல் பத்து நாள் எடையை ஓமைராவின் பதிவேட்டைப் பார்த்துப் போட்டாள். ஓமைரா சொல்லும் எடையை ஒவ்வொரு காலையும் புள்ளியாக வைத்து, முந்தைய நாள் புள்ளியோடு சேர்ப்பாள். அதைப் பென்சிலால் போட்டாள், அதுவும் அழுத்தாமல். பேனாவால் போட்டால் அழிக்க முடியாது. அழிக்க வேண்டி வரும் என்று அவள் மனதறிந்து நினைத்ததில்லை. கைதான் பென்சிலை எடுத்தது.

அதே பக்கத்தில் இன்னொரு கோடும் போட்டாள். பிள்ளையின் மூக்கில் செருகிய மெல்லிய குழாய் வழியாக நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஆக்ஸிஜன் போகிறது என்பது அது. ஆரம்பத்தில் இரண்டு லிட்டர். பிள்ளைக்குத் தானாக மூச்சு விடத் தெம்பு வர வர, டாக்டர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். ஆகவே அந்தக் கோடு மேலேயிருந்து கீழே இறங்கியது. அதற்கு அவளிடம் இருந்தது ஒரு சிவப்புப் பேனா. குறைவதைப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்ததால் அதை நன்றாக அழுத்திப் போட்டாள்.

ஒருநாள் ஓமைரா எட்டிப் பார்த்தாள். "எது என்னன்னு எழுதலையே?"

"எனக்குத் தெரியும்க்கா."

"உனக்குத் தெரியாம இருக்குமா. சரி, பதிவு ஆபீஸ்காரி நேத்தும் வந்து கேட்டா. பேரு என்னன்னு சொன்னா அவ வேலை முடியும், எனக்கும் அவகிட்ட இருந்து விடுதலை."

"சொல்றேன்க்கா."

"சொல்றேன், சொல்றேன்னுதான் நீயும் சொல்ற. உன் வீட்டுக்காரரைக் கேட்டா செருப்பைப் பார்க்கிறாரு."

தலைப்பு எழுத அவள் முயலாமல் இல்லை. பக்கத்தின் உச்சியில் இரண்டு கட்டம் விட்டு வைத்திருந்தாள். 'எடை' என்று எழுதலாம். ஆனால் யாருடைய எடை? பிள்ளைகளிடம் நூறு முறை கேட்ட கேள்வி அது. அந்த இடத்துக்கு வந்ததும் பென்சில் நின்றுவிடும். தலைப்பை எழுதாமல் அச்சுகளுக்கு மட்டும் பெயர் எழுதுவதும் அரைகுறையாகப் பட்டது. அப்படியே விட்டுவிட்டாள்.

முப்பத்தைந்தாம் நாள் ஒரு வியாழக்கிழமை. செகுந்தோவின் தங்கை நெல்சி காலையில் கோழி சூப்பும், இலையில் சுற்றி வேகவைத்த கிம்போலித்தோவும் எடுத்துக்கொண்டு வந்தாள். நெல்சி சந்தையில் துணிக்கடை வைத்திருப்பவள். நல்ல மனது, ஆனால் பொறுமை கிடையாது. அவள் வந்தபோது யாமிலே பிள்ளையை நெஞ்சில் வைத்தபடி நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த முக்கால் மணி நேரத்தில் நடந்ததை யாமிலே பிறகு நெல்சியின் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

நோட்டு மடியிலிருந்து நழுவித் தரையில் கிடந்தது. நெல்சி அதை எடுத்தாள். திறந்திருந்த பக்கத்தில் ஒரு சிவப்புக் கோடு மேல் மூலையில் தொடங்கி, படிப்படியாக இறங்கி, கீழ்க்கோட்டைத் தொட ஒரு விரற்கடை இருக்கும்போது நின்றிருந்தது. வேறொன்றும் எழுதியிருக்கவில்லை. பென்சில் கோடு அந்த வார்டின் மங்கிய வெளிச்சத்தில் அவள் கண்ணில் படவே இல்லை. அண்ணி தினமும் பிள்ளையின் எடையைக் குறித்து வைக்கிறாள் என்பது நெல்சிக்குத் தெரியும். ஆக இதுதான் எடை. இதைத்தான் அண்ணி யாரிடமும் சொல்லாமல் மனதுக்குள் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

எழுப்பிக் கேட்க அவளுக்குத் துணிவு வரவில்லை. போனை அணைத்து வைக்கச் சொல்லிச் சுவரில் பலகை இருந்தது, நெல்சி பலகைகளுக்குக் கட்டுப்படுகிறவள் இல்லை. அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து அண்ணனுக்கு அனுப்பினாள். கூடவே, 'சீக்கிரம் வா' என்று எழுதினாள். சூப்பை மேசையில் வைத்துவிட்டு, கழிப்பறையில் போய் அழுதுவிட்டுக் கடைக்குப் போனாள்.

யாமிலே கண் விழித்தபோது மணி பத்தரை. பதினொரு மணிக்கு டாக்டரம்மா வந்தார். பிள்ளையின் மார்பு ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "எடுத்துத்தான் பார்ப்போமே" என்று சொல்லி மூக்கிலிருந்து குழாயைக் கழற்றினார். ஒட்டியிருந்த பிளாஸ்திரியை ஓமைரா எண்ணெய் தொட்டு மெதுவாக உரித்தாள். முப்பத்தைந்து நாளில் முதல்முறையாக யாமிலே தன் மகளின் முழு முகத்தைப் பார்த்தாள். மூக்குக்குக் கீழே உதடு செகுந்தோவின் உதடு. இதைப் போய் அவனிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். போன் வெளியே பெட்டியில் பூட்டியிருந்தது. பிள்ளையை இறக்கி வைத்துவிட்டுப் போக மனமில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவான், அப்போது அவனே பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஒரு மணி ஆயிற்று, இரண்டு ஆயிற்று. குழாய் இல்லாமலே பிள்ளை மூச்சு விட்டாள். சூடான கிம்போலித்தோ ஆறிப்போயிருந்தது, அதுவும் ருசியாக இருந்தது.

மூன்று மணி வாக்கில் வார்டின் கதவு திறந்தது. செகுந்தோ நின்றுகொண்டிருந்தான். தலையில் தொப்பி இல்லை. கண்கள் சிவந்திருந்தன. அவனுக்குப் பின்னால், கறுப்பு அங்கியில், கையில் சிறிய தோல் பையோடு, சாச்சாகுயி ஊர்ப் பாதிரியார் எவெலியோ வந்தார்.

யாமிலே நாற்காலியில் நிமிர்ந்தாள். வியாழக்கிழமை அவன் வருகிறவன் இல்லை. பாதிரியார் எதற்கு? டாக்டரம்மா தன்னிடம் சொல்லாததை அவனைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். கடைசியாக முகத்தையாவது பார்க்கட்டும் என்றுதான் குழாயைக் கழற்றினார்களா? அவள் கை தானாகவே பிள்ளையின் முதுகை மூடிக்கொண்டது.

செகுந்தோ பக்கத்தில் வந்தான். பிள்ளையின் மூக்கில் குழாய் இல்லாததை அவனும் பார்த்தான். அவன் முகம் இன்னும் வெளுத்தது.

"எடுத்துட்டாங்களா?" என்றான்.

"எடுத்துட்டாங்க," என்றாள் அவள்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீங்க ஏன் என்கிட்ட சொல்லல?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேலே கேட்க இரண்டு பேருக்கும் பயம். பாதிரியார் தோல் பையைத் திறந்து தண்ணீர்க் குப்பியை எடுத்தார். "பிள்ளைக்குப் பேரு என்ன வச்சிருக்கீங்க?" என்று மெல்லக் கேட்டார். "வழியில இவன்கிட்ட கேட்டேன், வாயே திறக்கல. ஞானஸ்நானத்துக்குப் பேரு வேணும்."

யாமிலேயின் கண்களிலிருந்து நீர் இறங்கிப் பிள்ளையின் குல்லாய் மேல் சொட்டியது.

பால் அளந்துகொண்டிருந்த ஓமைரா திரும்பிப் பார்த்தாள். அங்கியைப் பார்த்தாள், குப்பியைப் பார்த்தாள், அழுதுகொண்டிருக்கும் யாமிலேயையும் வெளுத்து நின்ற செகுந்தோவையும் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"ஃபாதர், மன்னிச்சுக்கோங்க. இங்க யாரு சாகுறா?"

"இந்தக் குழந்தைதானே?" என்றார் பாதிரியார்.

"இதுவா? இன்னிக்குக் காலையில ஆயிரத்து ஐநூத்தி இருபது கிராம். நாலு மணி நேரமா எங்க ஆக்ஸிஜனே வேண்டாம்னு சொந்தக் காத்தை இழுத்துக்கிட்டு இருக்கு. பசிச்சா இந்த வார்டே கிடுகிடுங்குது. யாரு சொன்னா உங்களுக்கு?"

பாதிரியார் செகுந்தோவைப் பார்த்தார். செகுந்தோ சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினான்.

யாமிலே அதை வாங்கிப் பார்த்தாள். சற்று நேரம் அவளுக்கு அது என்னவென்றே விளங்கவில்லை. கட்டங்கள். மேலேயிருந்து விழும் ஒரு சிவப்புக் கோடு. மேலே தலைப்பு இல்லை. பக்கத்தில் எண் இல்லை. கீழே நாள் இல்லை. யாருடையது, எதை அளந்தது, இறங்குவது நல்லதா கெட்டதா, ஒன்றும் இல்லை. பென்சில் கோடு படத்தில் விழவே இல்லை. முன்பின் தெரியாத ஒருவர் பார்ப்பதைப் போலத் தன் வரைபடத்தை அப்போதுதான் அவள் பார்த்தாள்.

"இது எடை இல்ல," என்றாள். "ஆக்ஸிஜன். அது இறங்கினா நல்லது."

"நல்லதா?"

"நல்லதுதான். எடை இதோ." நோட்டை எடுத்து விரலால் பென்சில் கோட்டைத் தடவிக் காட்டினாள். செகுந்தோ குனிந்து, ஜன்னல் பக்கம் நோட்டைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். சாம்பல் நிறத்தில் ஒரு கோடு, முதலில் கொஞ்சம் சறுக்கி, பிறகு விடாமல் மேலே ஏறிப் போயிருந்தது.

"இதை ஏன் இப்படிப் பூனை நடந்த மாதிரி போட்டிருக்க?"

அவள் பென்சில் கோட்டிலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள். அவன் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். அவன் முதுகு குலுங்குவதைப் பார்த்து யாமிலேவுக்கு முதலில் பயமாக இருந்தது. பதினோரு வருடத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை. எமிலியானோவுக்கு அவன் லாரியில் தனியாக அழுதிருப்பான் போல.

"எல் போர்தோவுல டிபன் சாப்பிட உட்கார்ந்தேன்," என்றான் கொஞ்சம் அடங்கிய பிறகு. "இது வந்துச்சு. உனக்குப் போன் போட்டேன், நீ எடுக்கல. நெல்சிக்குப் போட்டா, 'எடைதாண்ணே, வேற என்னத்தை அண்ணி எழுதுவாங்க'ன்னு அழுறா. சர்க்கரை மூட்டையோட அப்படியே ஏறி வந்தேன். வர்ற வழியில ஃபாதர் கோயில் வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தாரு."

"நிக்கல. ரோஜாச் செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தேன்," என்றார் பாதிரியார். "தூக்கி லாரியில வச்சுட்டான். அந்த மலைப்பாதையில இவன் ஓட்டின ஓட்டத்துக்கு, சாகப்போறவங்களுக்குப் பூசுற எண்ணெயை எனக்குத்தான் முதல்ல யாராவது பூசியிருக்கணும்."

ஓமைரா சிரித்தாள். யாமிலேவுக்கும் சிரிப்பு வந்தது. நெஞ்சு குலுங்கியதில் பிள்ளை விழித்துக்கொண்டு பூனைக்குட்டி போலக் கத்தினாள். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பாதிரியார் குப்பியைப் பையில் வைத்து மூடினார். "இந்தத் தொண்டைக்கு அவசர ஞானஸ்நானம் தேவையில்ல. ஆசீர்வாதம் மட்டும் பண்ணிட்டுப் போறேன். ஞானஸ்நானத்தைக் கோயில்ல வச்சுக்குவோம். விருந்து உண்டு இல்லையா?" மிச்சமிருந்த கிம்போலித்தோவை ஓமைரா அவருக்குக் கொடுத்தாள். அவர் அதை ஜன்னலோரம் நின்று சாப்பிட்டார்.

யாமிலே ஓமைராவிடம் ஒரு நீலப் பேனாவைக் கேட்டு வாங்கினாள். நோட்டை நாற்காலியின் கைப்பிடியில் வைத்துக்கொண்டாள்.

"எழுதிடுறேன்," என்றாள். "இனிமே யாரும் இப்படி ஓடி வரக் கூடாது. நீங்க கேளுங்க, நான் எழுதுறேன். என்ன தெரியலையோ அதெல்லாம் கேளுங்க."

"நான் அஞ்சாவதோட நின்னவன், டீச்சரம்மா."

"அதான் வேணும்."

செகுந்தோ மூக்கை உறிஞ்சிக்கொண்டு நோட்டைப் பார்த்தான். "இந்தக் கீழ்க்கோட்டுல என்ன?"

"பிறந்து எத்தனை நாள்ங்கிறது." கோட்டுக்குக் கீழே எழுதினாள், ஐந்து கட்டத்துக்கு ஒரு எண் போட்டாள்.

"இந்தப் பக்கம்?"

"எடை."

"எடைன்னா? பவுண்டா? நான் பவுண்டுலதான் கிழங்கு போடுறேன்."

"கிராம்." அடைப்புக்குறிக்குள் எழுதினாள். வலப்பக்கம் இன்னொரு கோடு இழுத்து, 'ஆக்ஸிஜன், நிமிடத்துக்கு லிட்டர்' என்று எழுதினாள்.

"சரி, அடியில இருக்கிற இந்த இடம் சுழியமா? சுழியம்னா, என் பொண்ணு கிட்டத்தட்ட ஒண்ணுமில்லாம இருந்திருக்கா."

யாமிலே பேனாவை நிறுத்தினாள். பிள்ளைகள் யாரும் கேட்காத கேள்வி அது. "தொள்ளாயிரத்துல ஆரம்பிச்சிருக்கேன். பக்கத்துல இடம் இல்லாததால." இடப்பக்கக் கோட்டின் அடியில் 900 என்று எழுதி, அதற்குக் கீழே சின்னதாக ஒரு வெட்டுக்குறி போட்டாள், கீழே கொஞ்சம் விட்டுப்போயிருக்கிறது என்று தெரிய. "இருபது கிராமுக்கு ஒரு கட்டம்."

"இந்த நாள்ல ஏன் புள்ளி இல்ல?"

"அன்னிக்குத் தராசு ரிப்பேர்."

"அதையும் எழுது. இல்லன்னா அன்னிக்கு என்னமோ ஆச்சுன்னு நெல்சி மறுபடி அழுவா."

எழுதினாள். சிவப்பு ஆக்ஸிஜன், நீலம் எடை என்று மூலையில் ஒரு சின்னப் பெட்டிக்குள் குறித்தாள். பிறகு பென்சில் கோட்டின் மேலேயே நீலப் பேனாவை வைத்து, முதல் நாளிலிருந்து முப்பத்தைந்தாம் நாள்வரை அழுத்தி இழுத்தாள். பேனாவைக் கொடுத்த ஓமைரா, "யாரு எடை போட்டதுன்னு போடு. அஞ்சு மணிக்கு எந்திரிச்சு வர்றவ நான்" என்றாள். 'எடை போட்டவர்: நர்ஸ் ஓமைரா, தினமும் காலை ஆறு மணி, குழந்தையைத் துணியில்லாமல்' என்று அடியில் எழுதினாள் யாமிலே.

உச்சியில் இரண்டு கட்டம் மட்டும் மிச்சமிருந்தது.

"அங்க என்ன வரணும்?" என்றான் செகுந்தோ.

"தலைப்பு. யாரோட எடைங்கிறது."

வார்டில் எங்கோ ஒரு கருவி பீப் அடித்து ஓய்ந்தது. செகுந்தோ தன் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டான்.

"நீ ஏதாவது நினைச்சு வச்சிருக்கியா?" என்று கேட்டான், அவளைப் பார்க்காமல்.

"நினைக்கலைன்னு நினைச்சேன்." பிள்ளையின் குல்லாயைச் சரிசெய்தாள். "கங்காரு நேரத்துல காதுல ஒரு பேரைச் சொல்லிக்கிட்டே இருப்பேன். மத்த யாருக்கும் கேட்காம. அவுரான்னு."

"எப்பலருந்து?"

"பதினோராவது நாள்லருந்து."

செகுந்தோ தலையை ஆட்டினான். "நான் ரெண்டாவது நாள்லருந்து," என்றான். "லாரி ஓட்டும்போது. பக்கத்து சீட்டுல இருக்கிற மாதிரி வச்சுக்கிட்டுப் பேசுவேன். இதோ ஆறு, அதோ பாலம், இங்க குளிரும்னு. ஆனா நான் நெரெய்தான்னு கூப்பிட்டேன்."

ஜன்னலோரம் நின்றிருந்த பாதிரியார் இலையை மடித்துக் குப்பையில் போட்டார். "ரெண்டு பேரு வைக்கிறதை இந்த நாட்டுல எந்தச் சட்டமும் தடுக்கல," என்றார். "எனக்கே மூணு பேரு."

இரண்டு பேருடைய குடும்பப் பெயரையும் கடைசியில் சேர்த்து யாமிலே எழுதினாள். 'அவுரா நெரெய்தா ஹோஹோவா பொத்தினா: பிறந்த நாள் முதல் எடையும் ஆக்ஸிஜனும்.' இரண்டு கட்டத்தில் அடங்கவில்லை, எழுத்துகள் ஓரத்தில் வளைந்து இறங்கின. ஓமைரா பெட்டியில் இருந்த அட்டையைக் கிழித்து எடுத்துக்கொண்டு, புது அட்டை எழுதப் போனாள். பதிவு ஆபீஸ்காரிக்குப் போன் போடும் அவள் குரல் தாழ்வாரத்தில் கேட்டது.

"வாங்க," என்றாள் யாமிலே. "சட்டையைக் கழற்றுங்க."

"எதுக்கு?"

"இருபத்தஞ்சு நாளா நான்தான் சுமக்குறேன். எனக்கு முதுகு போச்சு."

"நான் குளிக்கக்கூட இல்ல. டீசல் வாடை."

ஓமைரா அவனைத் தொட்டிக்கு அழைத்துப் போய், மார்பையும் கைகளையும் சோப்புப் போட்டுத் தேய்க்க வைத்தாள். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தவன், பல் பிடுங்க வந்தவனைப் போல விறைத்துக்கொண்டிருந்தான். பிள்ளையை அவன் நெஞ்சில் கவிழ்த்து, துணியைச் சுற்றிக் கட்டினார்கள். அவன் மூச்சை அடக்கிக்கொண்டான்.

"நீங்க மூச்சு விடணும்," என்றாள் யாமிலே. "உங்களைப் பார்த்துத்தான் அவ விடுவா."

அவன் மூச்சு விட்டான். பிள்ளை அவன் நெஞ்சோடு உயர்ந்து தாழ்ந்தாள். சற்று நேரத்தில் அவள் கை அவன் மார்பு முடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டது. "பிடிக்கிறா," என்றான் செகுந்தோ மெல்லிய குரலில். "வலிக்குது." எடுத்துவிட வேண்டாம் என்று தலையை அசைத்தான். வெளியே சர்க்கரை மூட்டைகளோடு லாரி நோ பார்க்கிங்கில் நின்றுகொண்டிருந்தது. அவன் இரண்டரை மணி நேரம் எழவில்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. சனிக்கிழமை பிள்ளை களைத்துப்போனாள், உதட்டோரம் நீலம் தட்டியது. குழாயை மறுபடி வைத்தார்கள். சிவப்புக் கோடு அரை லிட்டருக்கு ஏறியது. யாமிலே அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில், 'சளி, மறுபடி ஆக்ஸிஜன்' என்று எழுதினாள். அன்று வந்த நெல்சி நோட்டை வாங்கி, விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். "இது ஏறினா கெட்டது, இது ஏறினா நல்லது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு, "ஆனா நேத்துக்கு இன்னிக்கு முப்பது கிராம் ஏறியிருக்கே அண்ணி, அப்ப நல்லா சாப்பிடுறாதானே," என்றாள். அந்த வாரம் முழுக்க யாமிலே பிடித்துக்கொண்டு நின்றது அந்த ஒரு வார்த்தையைத்தான்.

பாஸ்தோவின் உயரத்தில் காற்று மெல்லியது. குறைமாதப் பிள்ளைகள் பலரும் வீட்டுக்குப் போகும்போது சிலிண்டரோடுதான் போவார்கள். அறுபத்தொன்றாம் நாள், இரண்டாயிரத்து நூற்றுப் பத்து கிராமோடு, சின்னச் சிலிண்டர் ஒன்றோடு, அவுரா நெரெய்தாவை அனுப்பிவைத்தார்கள். ஓமைரா வாசல்வரை வந்தாள். "இனிமே எடை போட நான் வர மாட்டேன், நினைவிருக்கட்டும்," என்றாள். பிள்ளையின் பாதத்தைத் துணிக்குள்ளேயே தேடிப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டு உள்ளே போய்விட்டாள்.

லாரியில் பிள்ளையை ஏற்றக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். யாமிலேயும் நெல்சியும் டாக்ஸியில் ஏறினார்கள். பிள்ளை யாமிலேயின் நெஞ்சில் கட்டப்பட்டிருந்தாள், சிலிண்டர் நெல்சியின் மடியில் இருந்தது. முந்தைய நாளே மழை விட்டிருந்தது, ஊருக்குப் பின்னால் நிற்கும் எரிமலையின் தலை மேகமில்லாமல் தெரிந்தது.

பெரிய சாலைக்கு வந்ததும் டாக்ஸியின் வேகம் குறைந்தது. முன்னால் ஒரு நீல லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. சாலையின் நடுவே, இரண்டு பக்கமும் யாரும் முந்த முடியாதபடி, மாட்டு வண்டி வேகத்தில். பின்னால் பஸ்களும் வேன்களும் சேர்ந்து ஹாரன் அடிக்க ஆரம்பித்தன. வேகத்தடை வந்தால் லாரி நின்று, யோசித்து, ஒவ்வொரு சக்கரமாக ஏறி இறங்கியது.

டாக்ஸிக்காரர் ஸ்டியரிங்கைத் தட்டினார். "இந்த லாரிக்காரனுக்கு என்ன கேடு? தூங்கிட்டானா? இறங்கிப் போய் நாலு வார்த்தை கேட்கணும்."

"கேட்காதீங்கண்ணே," என்றாள் யாமிலே. "அவர் என் வீட்டுக்காரர். எங்களை யாரும் இடிச்சிடக் கூடாதுன்னு வழி பண்ணிட்டுப் போறாரு."

டாக்ஸிக்காரர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். துணிக் கட்டுக்குள்ளிருந்து ஒரு குல்லாய் எட்டிப் பார்த்தது. "எத்தனை நாள் பிள்ளை?" என்று கேட்டார்.

"அறுபத்தொண்ணு."

அவர் ஜன்னலை இறக்கி, கையை வெளியே நீட்டி, பின்னால் ஹாரன் அடிப்பவர்களை அமைதியாக இருக்கச் சொல்லிச் சைகை காட்டினார். பிறகு ஜன்னலை ஏற்றிவிட்டு, லாரிக்குப் பின்னால், அதே வேகத்தில் ஓட்டிக்கொண்டு போனார். பிள்ளை கத்தாம்புகோ வரைக்கும் விழிக்கவில்லை.